வெத்தியஸ் சொல்லாத சொல்

ஆறு பேர் முத்திரையிட்டு முடித்திருந்தார்கள். ஏழாவது நான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நோனியஸின் உயில் அது. உயில் எழுதிய பலகைகளைச் சேர்த்து நூலால் கட்டி, முடிச்சின் மேல் சூடான மெழுகு ஊற்றியிருந்தார்கள். மோதிரத்தைக் கழற்றி மெழுகில் அழுத்தும் நேரத்தில் நோனியஸ் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இனிமே நான் நிம்மதியா கண்ண மூடலாம்." என் விரல் வழுக்கியது. மோதிரத்தில் செதுக்கியிருந்த நண்டு, யாரோ மிதித்துவிட்டுப் போன நண்டு மாதிரி, கால்கள் இழுபட்டுப் பதிந்தது. "ஹெரேனியஸுக்கும் வயசாயிடுச்சுப்பா" என்று யாரோ சிரித்தார்கள். மெழுகைச் சுரண்டிவிட்டு மறுபடி ஊற்றச் சொன்னேன். காரணம் வயது இல்லை. நோனியஸ் அந்தச் சொல்லைச் சொன்னபோது, அவர் தோளுக்குப் பின்னால், உச்சி வெயில் விழுந்து கிடந்த முற்றத்தில் வெத்தியஸ் நின்றிருந்தான். வாய் பாதி திறந்திருந்தது. அடுத்த சொல்லை நான் சொல்லுவேன் என்று காத்திருப்பவனைப் போல.

அவன் செத்து அப்போது பதினான்கு வருடம்.

எங்கள் ஊரான வெனாஃப்ரத்தில் செத்தவர்களுக்கென்று நாட்கள் உண்டு. மாசி வாக்கில் கல்லறைக்குப் போய், திராட்சை ரசத்தில் நனைத்த ரொட்டியும் கொஞ்சம் உப்பும் வைத்துவிட்டு வந்தால் அவரவர் இடத்தில் இருப்பார்கள். நானும் தவறாமல் வைத்தேன். வெத்தியஸ் உயிரோடு இருந்தபோதும் எந்த ஒழுங்குக்கும் அடங்காதவன். 'இனிமே' என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் வந்து நிற்பான். சந்தையில் காய்கறிக்காரி, "இனிமே இந்த வெலைக்குக் கெடைக்காது" என்றால் அவள் கூடைக்குப் பக்கத்தில் நிற்பான். என் மனைவி நுமீசியா இதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் ஏதோ ஒரு வருடத்திலிருந்து அவள் பேச்சில் அந்தச் சொல் இல்லாமல் போனது. "அடுத்த தடவை" என்பாள், "இதுக்கு மேல" என்பாள். அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு தடுமாற்றம் இருக்கும், வழியில் கிடக்கும் எதையோ தாண்டுவது போல. அதைக் கேட்கும்போது எனக்கு அவனைப் பார்ப்பதைவிட வேதனையாக இருக்கும்.

நானும் வெத்தியஸும் ஒரே கிரேக்க வாத்தியாரிடம் படித்தவர்கள். ஒரு மனிதன் எப்படி வாழ வேண்டும் என்று ஆலிவ் மரத்தடியில் உட்கார்ந்து நாள் முழுக்க வாதாடியிருக்கிறோம். வாதாடுவது நான்தான். அவன் பாதி வாக்கியத்தோடு கையை வீசிவிட்டுப் படுத்துவிடுவான். எதையும் முடிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. வீட்டுக்குச் சுவர் எழுப்பினால் மூன்று பக்கம்தான் எழும்பும். என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: கேட்டதைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே. அதைப் பிடித்துக்கொண்டே நான் ஊரில் பெயர் வாங்கினேன். என் நண்டு முத்திரை இல்லாமல் உயில் எழுத ஆட்கள் யோசித்தார்கள். வழக்கு என்றால் இரண்டு தரப்பும் என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டதுண்டு. வெத்தியஸ் மட்டும் கேலி செய்வான். "உனக்கு சிநேகிதனே வேணாம்டா. நாலு சாட்சி இருந்தாப் போதும், வாழ்ந்து முடிச்சிருவ."

ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆள் அனுப்பினான். நான் போனபோது அறையில் தல்லூசா மட்டும் இருந்தாள். அவன் வீட்டு அடிமை. சமையலும் நெசவும் அவள்தான், ஆறு வருடமாக அவனைக் கட்டி மேய்த்ததும் அவள்தான். ஊரில் துணி வெளுக்கும் ஹிலாரஸ், அடிமையாய் இருந்து விடுதலை வாங்கியவன், அவளைத் தன் மனைவி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஏழு மாதம். கால்மாட்டில் தண்ணீர்ச் சட்டியோடு நின்றிருந்தாள். வெத்தியஸ் என் மணிக்கட்டைப் பிடித்தான். கை அடுப்பில் கிடந்த கல் மாதிரி கொதித்தது. அவன் உயிலில் அவள் பேர் இல்லை. அண்ணனுக்கு எல்லாவற்றையும் எழுதிவைத்த பழைய உயில் அது. மாற்றி எழுது, மாற்றி எழுது என்று நானே பத்து தடவை சொல்லியிருந்தேன், அவனும் தலையாட்டியிருந்தான். இப்போது அதற்கு நேரமில்லை. ஆனால் சட்டத்தில் இன்னொரு வழி இருந்தது. நண்பர்கள் முன்னால் எஜமான் வாய்விட்டு 'இவளுக்கு விடுதலை' என்று சொன்னால் போதும். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று அவன் கண்ணைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஹெரேனியஸ், கேட்டுக்கோ" என்றான். "தல்லூசா இனிமே..."

இருமல் வந்தது. ஈரத்துணியைக் கிழிப்பது போல ஒரு இருமல். அது நின்ற பிறகு உதடு இரண்டு தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னையே பார்த்தான். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

பதினைந்து நாள் கழித்து வழக்கு வந்தது. அடிமை தானாக நீதி கேட்க முடியாது. சுதந்திரமான ஒருவன் அவளுக்காக நின்று 'இவள் அடிமை இல்லை' என்று சொல்ல வேண்டும். ஹிலாரஸ் நின்றான். எதிர்த் தரப்பு வெத்தியஸின் அண்ணன் பூப்லியஸ். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சிரித்த முகம், தாராளமான கை. என் மகள் ஹெரேனியாவை அவர் மகன் குவிண்டஸுக்குப் பேசி முடித்திருந்தோம், அடுத்த மாதம் கல்யாணம். வழக்குக்கு முந்தின நாள் காலையில் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். அத்திப்பழம் சாப்பிட்டார். கிளம்பும்போது மட்டும், "சம்பந்தி, உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. காதுல கேட்டத மட்டும் சொல்லுங்க, அது போதும்" என்றார். என் அப்பா சொன்ன அதே வார்த்தை.

கல்லைக் கையில் வைத்துச் சத்தியம் செய்தேன். நான் தெரிந்தே ஏமாற்றினால் இந்தக் கல்லை நான் எறிவது போல யூபிடர் கடவுள் என்னை எல்லா நன்மையிலிருந்தும் எறியட்டும் என்று சொல்லி எறிந்தேன். பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன். "விடுதலை என்ற சொல்லைக் கேட்டீரா?" என்றார் நீதிபதி. "கேட்கவில்லை" என்றேன். அது உண்மை. "அவர் என்ன சொல்ல வந்தார் என்று நினைக்கிறீர்?" என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலையசைத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உயிர் நண்பன் விஷயத்திலும் ஒரு எழுத்து கூட்டிச் சொல்லாத மனிதர் என்று நீதிபதி என்னைச் சபையிலேயே புகழ்ந்தார். கல்யாணம் அந்தச் சாட்சியில் எவ்வளவு பங்கு வகித்தது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பாலில் கலந்த தண்ணீர் மாதிரி, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்தபோது தல்லூசா தூணோரம் நின்றிருந்தாள். பூப்லியஸின் ஆட்கள் அவளை அழைத்துப்போகக் காத்திருந்தார்கள். அழவில்லை. என்னைப் பார்த்து, ஏதோ சின்ன விஷயம் ஒன்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்பது போலச் சொன்னாள்.

"ஐயா, அவரு எதையும் முடிச்சுச் சொன்னதே இல்லைங்க. தண்ணினுகூட முழுசா கேட்டதில்ல. நாங்கதான் முடிச்சுக்குவோம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவளைவிட இருபது வருடம் முன்பிருந்தே தெரியும்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் அவன் முதன்முதலாக வந்தான். மைல்கல்லுக்குப் பக்கத்தில், நடு மதியத்தில். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

தல்லூசாவைப் பூப்லியஸ் தன் மலைத்தோட்டத்துக்கு அனுப்பினார். அங்கே பெண் குழந்தை பிறந்தது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. ஆறாவது வருடம் தல்லூசா இறந்தாள் என்று எண்ணெய் கொண்டுவந்த வண்டிக்காரன் சொன்னான். மழை பெய்ததைச் சொல்வது போலத்தான் சொன்னான். பெண்ணின் பெயர் ஃபீபே. என் மகளுக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளை மலையிலிருந்து இறக்கிக் குவிண்டஸ் வீட்டில் விட்டார்கள். முதல் தடவை பேரனைப் பார்க்கப் போனபோது, முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று, "அந்த..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் திரையை இழுத்துவிட்டாள். "கொஞ்சம்..." என்றால் தண்ணீர் வந்து நிற்கும். தாயிடம் படித்திருக்கிறாள். நான் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பேரன் மேல் பாசமில்லை என்று மகள் வருத்தப்பட்டாள்.

நோனியஸின் உயிலுக்கு முத்திரையிட்ட அந்த வாரம்தான் ஹெரேனியா எங்கள் வீட்டுக்கு வந்து தாயிடம் பேசிக்கொண்டிருந்தாள். புட்டியோலி துறைமுகத்திலிருந்து கப்பல்காரர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தாராம். பந்தியில் ஃபீபே பரிமாறியதைப் பார்த்து அவருக்குப் பிடித்துப்போயிற்றாம். "எடுத்துக்கோங்கன்னு இவரும் சொல்லிட்டாரும்மா. பத்து நாள்ல ஆளு வருது. இனிமே எனக்குத்தான் கஷ்டம், பிள்ளைங்க அவகிட்ட ஒட்டிக்கிச்சு." நுமீசியா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். வெத்தியஸ் என் மகளுக்கும் என் மனைவிக்கும் நடுவில் நின்றிருந்தான். அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயது. அந்தக் கப்பல்காரரை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் குவிண்டஸிடம் போனேன். அந்தப் பெண்ணை விட்டுவிடு, எனக்காகக் கேட்கிறேன் என்றேன். அவன் என்னை உட்காரவைத்து, மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"வாக்கு குடுத்துட்டேனே மாமா. குடுத்த வாக்க மாத்தக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே. வேற என்ன வேணாலும் கேளுங்க."

வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஹிலாரஸின் வெளுப்புக்கூடம் ஊருக்கு வெளியே ஓடையோரம். போனபோது தொட்டியில் இறங்கித் துணி மிதித்துக்கொண்டிருந்தான். முழங்கால் வரை தோல் வெந்து வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தும் மிதிப்பதை நிறுத்தவில்லை. ஃபீபே விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"மறுபடி வழக்கு போடு. சட்டத்துல இடம் இருக்கு. நான் சாட்சி சொல்றேன்" என்றேன்.

"பதினாலு வருஷமா நீங்க சாட்சி சொல்லப் போற வெள்ளை அங்கிய நான்தான் வெளுக்கிறேன். தெரியுமா உங்களுக்கு?" என்றான். "ஒவ்வொரு தடவையும் மிதிக்கும்போது பாத்துப் பாத்து மிதிப்பேன். கிழிஞ்சிடக் கூடாதேன்னு."

நான் தொட்டியின் ஓரத்துக்குக் கிட்டப் போனேன்.

"போன தடவ சொன்னதையே சொல்றதுக்குன்னா வேணாம். தாய் வயித்துல இருக்கும்போதே ஒரு தடவ நின்ன புள்ளைய ரெண்டாந்தடவ சபையில நிறுத்தி அசிங்கப்படுத்த முடியாது."

"வேற சொல்வேன்."

அவன் கால்கள் நின்றன. "என்ன கேட்டீங்க அன்னைக்கி? இப்பவாவது சொல்லுங்க, எனக்காச்சும்."

"சபையில சொல்றேன்" என்றேன்.

வழக்கு பதிவானதும் என் மகள் வந்தாள். தலையில் துணி போடாமல் தெருவில் நடந்து வந்திருந்தாள். "ஏம்பா, பதினாலு வருஷம் கழிச்சா? அவரு முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அப்பவே சொல்லியிருந்தா எனக்குக் கல்யாணமே நடந்திருக்காது, அதுகூடப் பரவாயில்ல, இப்ப ரெண்டு பிள்ளைங்க இருக்கு." அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. நுமீசியா அவளை உள்ளே அழைத்துப் போனாள். என்னிடம் அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், துணி மடித்துக்கொண்டே. "நீங்க அன்னைக்கு அந்த வார்த்தையக் கேட்டீங்களா, இல்லையா?" இல்லை என்றேன். அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "சரி" என்றாள்.

சபை மண்டபத்தில் கூட்டம். ஃபீபே ஹிலாரஸ் பக்கத்தில் நின்றாள், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முழுதாக நம்பாதவள் மாதிரி. கல்லைக் கொடுத்தார்கள். கரடுமுரடான சின்னக் கல், பலர் பிடித்து ஒரு பக்கம் வழவழப்பாகியிருந்தது. சத்தியத்தின் வார்த்தைகளைச் சொன்னேன். தெரிந்தே ஏமாற்றினால். எறிந்தேன். அது தரையில் உருண்டு ஒரு கிழவரின் செருப்பில் முட்டி நின்றது.

"வெத்தியஸ் சொன்னது இது," என்றேன். "தல்லூசா இனிமே அடிமை இல்லை, அவளுக்கு விடுதலை."

இந்த நீதிபதி புதியவர். ஆனால் பழைய பலகைகள் அவர் முன்னால் இருந்தன, நான் அன்று சொன்னது அவற்றில் இருந்தது. அவர் மெதுவாகப் படித்தார். பிறகு, "ஹெரேனியஸ், அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?" என்றார்.

"அன்றைக்குச் சொன்னதுதான் பொய்."

என் வாழ்க்கையில் நான் சத்தியத்தின் மேல் சொன்ன முதல் பொய்கள் அந்த இரண்டும்தான். எதிர்த் தரப்பில் மறுத்துப் பேச யாராவது உண்டா என்று நீதிபதி கேட்டார். குவிண்டஸ் தன் அப்பாவைப் பார்த்தான். பூப்லியஸ் கைத்தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையாட்டினார்.

தாய்க்கு அன்றே விடுதலை, ஆகவே மகள் பிறவியிலேயே சுதந்திரமானவள் என்று தீர்ப்பானது. அதோடு பழைய பன்னிரண்டு பலகைச் சட்டத்திலிருந்து ஒரு வரியையும் வாசித்தார்கள். சாட்சியாக நின்றுவிட்டுச் சாட்சியத்தை மறைத்தவன் மானமற்றவன்; இனி அவன் யாருக்கும் சாட்சியாக முடியாது, அவனுக்கும் யாரும் சாட்சியாகக் கூடாது. வாசித்தபோது என் பக்கத்தில் நின்றிருந்த நோனியஸ் அரை அடி தள்ளி நின்றார். வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாகத் தள்ளியது. இரண்டு நாள் கழித்து அவர் உயிலைத் திறந்து வேறொருவரை வைத்து முத்திரையிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

படிகளில் இறங்கும்போது பூப்லியஸ் பின்னால் வந்தார். முழங்கால் சரியில்லை அவருக்கு, ஒவ்வொரு படியிலும் நின்றுதான் இறங்க முடியும். நானும் நின்றேன்.

"சம்பந்தி," என்றார். "அன்னைக்கி நான் அந்த அறைத் திரைக்குப் பின்னால நின்னேன். தம்பி கடைசியா என்ன சொல்றான்னு கேக்கத்தான் நின்னேன். அந்த வார்த்தை வரல."

"தெரியும்" என்றேன். "இப்ப சபையில நீங்க ஏன் அதச் சொல்லல?"

அவர் அடுத்த படியில் கைத்தடியை ஊன்றிப் பார்த்தார். "அவன் சொல்ல வந்தது என்னன்னு எனக்கும் தெரியும்ல. அவன் என் தம்பி." பிறகு இறங்கிப் போனார். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. மகள் வீட்டுக்கு நான் போவதில்லை. பேரப்பிள்ளைகளை நுமீசியா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

எல்லாம் முடிந்துவிட்டது, இனி அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மதியம் வந்தான், கிணற்றடியில். இந்தத் தடவை வாய் மூடியிருந்தது. ஆனால் குரல் கேட்டது, காய்ச்சலில் தடித்த அவனுடைய குரலே. தல்லூசா இனிமே அடிமை இல்லை, அவளுக்கு விடுதலை. முழுசாக, இருமல் இல்லாமல். என் நண்பன் பேசிய அந்தக் கடைசி மூன்று நான்கு சொற்களை நான் பதினான்கு வருடம் அப்படியே வைத்திருந்தேன், இருமலோடு, உதட்டின் அசைவோடு. இப்போது எவ்வளவு முயன்றாலும் அது திரும்பி வருவதில்லை. நான் கட்டிய வாக்கியம்தான் அவன் குரலில் வருகிறது. அவன் எதையும் முடித்துப் பேசாதவன். இது யாருடைய ஆவி என்று சில மதியங்களில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஆலிவ் பறிப்பு தொடங்கிய நாளில், சாலையோரத் தோட்டத்தில் ஏணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ஃபீபே தலையில் துணிமூட்டையோடு ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள், ஹிலாரஸின் கூடத்துக்கு. அவள் என்னைப் பார்க்கவில்லை. சாலையின் நடுவில் நடந்து வந்தாள். எதிரே யாரோ ஒருவருடைய கழுதை, ஓட்டுகிற ஆள்கூட இல்லாமல், கூடைகள் ஆட வந்தது. அவள் சட்டென்று, எஜமானர்களுக்கு வழிவிடும் பழக்கத்தில், பள்ளத்தில் இறங்கி, மூட்டையைப் பிடித்தபடி, தலையைக் குனிந்து நின்றாள். கழுதை போய்விட்டது. தூசியும் அடங்கிவிட்டது. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பிறகு ஒரு காலை மேலே வைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையின் நடுவுக்கு வந்தாள்.